ஊற்றுப் பேனையும் உப்புக் காற்றும்

மனிதன் கையில் எடுத்த கருவிகளுள் பேனையைப் போலத் தற்பெருமைக்கு இடங்கொடுத்தது பிறிதொன்று இல்லை. மண்வெட்டியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஊரார் காண உலாவுவார் எவருமிலர். அகப்பையைத் தங்கத்தில் செய்து பெட்டியில் வைத்துப் பூட்டுவாரும் இலர். பேனை மட்டும் எழுதாத நேரத்திலும் மார்பில் வீற்றிருந்து, 'என்னை உடையவர் எழுத்தறிந்தவர். அதிலும் கொஞ்சம் வசதியுள்ளவர்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 1914ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த பொன்னிறக் கொளுவியைக் கொண்டே ஆளின் தகுதியை அளந்தவர்கள் உண்டு. மூடி மட்டும் பையில் இருந்து, அடியில் பேனையே இல்லாத கதைகளும் உண்டு!

இந்த வாரம் அத்தகைய பேனையொன்றை நாம் பரீட்சித்தோம். கனடாவில் வாழும் அன்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தபோது, தாம் புதிதாக வாங்கிய ஊற்றுப் பேனையை நம்மிடம் ஒப்புவித்து, "ஒரு வாரம் மன்னாரில் வைத்து எழுதிப் பாருங்கள். குளிர் நாட்டார் கண்டு புகழ்ந்த பொருள் நம் காற்றுக்கும் நம் எழுத்துக்கும் ஏற்குமா என்று வாசகர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். கருங்கல் மெருகு போன்ற உடல். பொன் வளையம் மூன்று. பதினெட்டுக் கரட் பொன்னாலான முள். விலையோ இங்குள்ள ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். செய்தவர் பெயரை நாம் கூறப் போவதில்லை. எந்தக் கடைக்கும் ஆள் சேர்ப்பதும் நம் வேலையன்று. ஆள் கலைப்பதும் நம் வேலையன்று.

விலையுயர்ந்த பொருள் மன்னாருக்குப் புதிதன்று. சிலாபத்துறைக் கடலில் முத்துக் குளித்த கரை இது. எனினும் முத்துக்கும் பேனைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முத்து எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்து ஒளிர்ந்தாலே போதும். பேனை எழுத வேண்டும். ஆகவே அதன் அழகை அரை நிமிடம் பார்த்துவிட்டு, வேலையை ஒரு வாரம் பார்த்தோம்.

உள்ளே நடப்பது என்ன?

மாணவர்கள் முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். ஊற்றுப் பேனையில் மை தன் பாரத்தால் மட்டும் இறங்குவதில்லை. அப்படி இறங்கினால் திறந்த மாத்திரத்தில் முழுவதும் கொட்டிவிடும். முள்ளின் நடுவே உள்ள பிளவும், அதன் அடியில் உள்ள 'நாக்கு' என்னும் பகுதியில் ஓடும் மெல்லிய வாய்க்கால்களும் மையைத் தம்பால் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. விஞ்ஞான பாடத்தில் மயிர்த்துளை எழுச்சி என்று படிப்பது இதுவே. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனாலேயே. முள் தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் மையை மேலும் இழுக்கின்றன. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று சிறுசிறு குமிழிகளாக உள்ளே செல்கிறது. மையும் காற்றும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டு செம்மையாக அமைத்து உரிமைப் பத்திரம் பெற்றார். அன்றுதொட்டு எத்தனையோ புதுமைகள் வந்தபோதிலும், அடிப்படை அதுவே.

முள்ளைப் பொன்னால் செய்தது எதற்காக? ஆடம்பரத்துக்காக மட்டுமே என்று எண்ணுதல் தவறு. பழைய நாளின் மை புளிப்புத் தன்மை உடையது. நம் பாட்டனார் கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்துக் காய்ச்சிய மையும், ஐரோப்பியர் மாசிக்காயையும் அன்னபேதியையும் கொண்டு செய்த மையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மை இரும்பை அரித்துவிடும். பொன்னை ஒன்றும் செய்யமாட்டாது. ஆனால் பொன் மெதுவானது. தாளில் உரசி விரைவில் தேய்ந்துபோகும். எனவே நுனியில் மட்டும் ஒஸ்மியம், இரிடியம் போன்ற வன்மையான உலோகங்களின் கலவையால் கடுகிலும் சிறிய ஒரு மணியை ஒட்டவைத்தார்கள். துருப்பிடியாத உருக்கு வந்த பின்பும், மைகளின் புளிப்புக் குறைந்த பின்பும், பொன் முள்ளின் தேவை பெரிதும் அகன்றது. இன்று உருக்கு முள்ளும் நன்றாகவே எழுதுகிறது. பொன்னில் எஞ்சி நிற்பது சிறிது வளைந்து கொடுக்கும் இயல்பும், பெரிதும் பெருமையுமே.

தமிழ் எழுத்தும் முள்ளின் பருமனும்

முதற் பரீட்சையாக, அந்தப் பேனையால் தமிழில் நான்கு பக்கம் எழுதினோம். வழுக்கிக்கொண்டு ஓடிற்று என்பது உண்மை. கை அழுத்தவே வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் எழுதியும் விரல் நோகவில்லை. அந்த இன்பத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் எழுதியதைத் திரும்பப் பார்த்தபோது குறை தெரிந்தது. 'ணி', 'ஞ', 'றி', 'ஜ' போன்ற எழுத்துக்களின் சுழிகள் மையால் நிரம்பிக் கரும்புள்ளிகளாகிவிட்டன. மெய்யெழுத்தின் மேலிட்ட புள்ளிகள் சில பக்கத்து வரியைத் தொட்டு நின்றன.

பேனை செய்தவரைக் குறை கூறுதல் முறையன்று. ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய மொழிகளின் எழுத்துக்கள் அகன்றவை, சுழிகள் சில. அவற்றுக்கு நடுத்தரப் பருமனுள்ள முள் அழகு தரும். தமிழோ சுழியும் வளைவும் நிறைந்தது. சீன எழுத்துக்களைக் கலந்து எழுதும் ஜப்பானியர், நெருங்கிய கோடுகளை எழுதுவதற்காகத் தம் நாட்டுப் பேனைகளின் முள்ளை ஐரோப்பியர் செய்வதினும் மெல்லியதாகச் செய்கிறார்கள். தமிழ் எழுதுவோரும் கடையில் மெல்லிய முள்ளைக் கேட்டு வாங்குதல் நன்று. விலை எவ்வளவு உயர்ந்தாலும், எழுத்துக்கு ஒவ்வாத பருமன் ஒவ்வாததே.

கருவிக்கு ஏற்ப எழுத்து மாறுவதும், எழுத்துக்கு ஏற்பக் கருவி மாறுவதும் இக்கடற்பிரதேசத்தின் பழைய வரலாறு. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில், ஓலை கிழிந்துவிடும் என்றஞ்சிப் புள்ளியிடாமலே எழுதினர் நம் முன்னோர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இடம் நோக்கியே பிரித்தறிந்தனர். அந்த மயக்கத்தை நீக்கிக் குறிலுக்கும் நெடிலுக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டைப் புகுத்தியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர்.

அவருக்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னரே இறகுப் பேனையும் தமிழும் மன்னார்க் குடாவின் கரைகளில் சந்தித்துவிட்டன. எதிர்க்கரையிலுள்ள முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த போர்த்துக்கேயப் பாதிரியாரான ஹென்றிக் ஹென்றிக்கஸ், 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்டதன் பின்னர் சில காலம் இத்தீவிலும் வந்து தங்கினார். தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர் அவரே. அந்தக் கைப்பிரதி லிஸ்பன் நகரில் பேணப்பட்டு வருகிறது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலும் அவர் மொழிபெயர்த்ததே. ஆகவே, வெளிநாட்டுப் பேனை தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுவது நமக்குப் புதிய காட்சியன்று.

சோளகத்தின் தீர்ப்பு

இரண்டாவது பரீட்சை காற்று. ஆடி மாதச் சோளகம் மன்னாரில் எப்படி வீசும் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பும் மணலும் கலந்த உலர்ந்த காற்று அது. பள்ளிமுனைப் பெருக்க மரத்தின் நிழலில் அமர்ந்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சிந்தித்தோம். சிந்தனை நீண்டது, முள் உலர்ந்தது. மீண்டும் எழுதத் தொடங்கியபோது முதல் இரண்டு சொற்கள் தாளில் விழவில்லை. பின்னர் நுண்மணல் ஒன்று பிளவில் சிக்கிக் கீச்சிட்டது. தண்ணீரில் அலசிய பின்பே வழிக்கு வந்தது.

மூன்றாம் நாள் பிற்பகலில் வேறொரு வேடிக்கை. பேனையில் அரைவாசி மை தீர்ந்திருந்தது. எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு பெருந்துளி தானாக விழுந்து, நாம் எழுதிய மிக நல்ல வாக்கியத்தை விழுங்கிற்று. இதற்கும் காரணம் விஞ்ஞானத்தில் உண்டு. மை குறைந்த இடத்தில் காற்று நிறைந்திருக்கிறது. வெயிலின் சூடும் கையின் சூடும் பட்டு அக்காற்று விரிகிறது. விரிந்த காற்று மையை வெளியே தள்ளுகிறது. வெப்ப நாட்டில் பேனையை அரைகுறை மையோடு வைத்திராமல் நிரப்பியே வைப்பதும், பையில் இருக்கும்போது முள் மேல்நோக்கியிருக்கச் செருகுவதும் இதனாலேயே நல்லது.

உலர்தலைத் தடுக்க வழி கண்டவர்களும் உண்டு. 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'பார்க்கர் 51' என்னும் பேனை, முள்ளை ஏறத்தாழ முழுவதும் ஓர் உறைக்குள் மறைத்து நுனியை மட்டும் வெளியே காட்டிற்று. நம் பெற்றோர் பலர் பள்ளிக்குக் கொண்டுசென்ற சீன நாட்டு 'ஹீரோ' பேனை அதே அமைப்பினது. தங்க முள்ளை விரித்துக் காட்டும் பெரிய பேனையைவிட, முகத்தை மூடிக்கொண்ட அந்த எளிய பேனை நம் சோளகத்துக்குப் பொருத்தமானது என்று சொல்வோம்.

தாளும் தன் கட்சியைச் சொல்லிற்று. பேனையோடு வந்த வழவழப்பான தாளில் எழுத்து முத்துப்போல் நின்றது. பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதியபோதோ, மை வேர்விட்டுப் பரவி மறுபக்கத்திலும் தலைகாட்டியது. அதே கொப்பியில் மெல்லிய உருக்கு முள்ளுள்ள மலிவான பேனை இருபக்கமும் எழுத இடங்கொடுத்தது. விலையுயர்ந்த பேனை விலையுயர்ந்த தாளையும் கேட்கும். பெரிய இடத்துச் சம்பந்தம் போல, செலவு அதனோடு முடிவதில்லை.

தண்ணீரின் தீர்ப்பு

மூன்றாவது பரீட்சையே முக்கியமானது. ஒரே வாக்கியத்தை ஐந்து விதமாக எழுதினோம். முதலாவது, அந்த ஆடம்பரப் பேனையில் அதனோடு வந்த அழகிய நீல மையால். இரண்டாவது, தொட்டெழுதும் பழைய பேனையில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மையால். மூன்றாவது, பெட்டிக்கடையில் வாங்கிய குமிழ்முனைப் பேனையால். நான்காவது, பென்சிலால். ஐந்தாவது, அன்பர் ஒருவர் வீட்டில் பேணிவந்த எழுத்தாணியால் பதப்படுத்திய பனையோலையில் கீறி, விளக்குக் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தது. எல்லாவற்றையும் இரண்டு நாள் உலரவிட்டு, ஒரு சட்டியில் கடல்நீர் எடுத்து, ஒரு மணி நேரம் அமிழ்த்தினோம்.

ஓலை கவலையே படவில்லை. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்த் தன்மையுள்ளதாதலால் கரையவில்லை. கடுக்காய் மை சிறிது மங்கிற்றேயன்றி ஓரெழுத்தும் அழியவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிய பேனையால் எழுதிய வாக்கியம் மட்டும் ஐந்தே நிமிடத்தில் நீல மேகமாகிக் கலைந்து, தாளில் வெளிறிய கறையொன்றையே விட்டுச் சென்றது.

இதில் மோசடி எதுவுமில்லை. அது கழுவினால் போகும் மை. பிள்ளைகள் சட்டையில் கொட்டினாலும், பிழைபட எழுதினாலும் எளிதில் நீக்கலாம் என்பதற்காகவே அவ்வாறு செய்யப்படுவது. ஐரோப்பியப் பள்ளிகளில் அது பெரிய உதவி. ஆனால் அதே மையால் ஒருவர் தம் பிள்ளைக்கு ஓர் அறிவுரையை எழுதி வைத்தாலோ, கடன் கணக்கொன்றைக் குறித்து வைத்தாலோ என்னாகும்?

இந்தக் கேள்வி வேறு ஊர்களில் வெறும் கற்பனையாக இருக்கலாம். மன்னார்க் கரையில் அப்படியன்று. 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயலில் கடல் ஏறி வந்ததைக் கண்டவர்கள் இங்கே உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களுள் பலர் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். போர்க்கால ஆண்டுகளில் இராமேசுவரத்தை நோக்கி இரவில் படகேறிய தமிழ்க் குடும்பங்களும் பல. வீட்டைவிட்டு ஓடுகிறவர்கள் கையில் எடுப்பது என்ன? நகை இருந்தால் நகை. பின்னர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், இறந்த தந்தையின் கடிதம். பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாலும் அலை தெறிக்கிறது, மழை பெய்கிறது. அச்செழுத்தும் முத்திரையும் தப்பிக்கொள்ளலாம். கையால் எழுதிய வரி தப்புமா என்பது, எழுதியவர் அன்று எந்த மைப் போத்தலைத் திறந்தார் என்பதைப் பொறுத்தது. பத்திரம் போனால் கச்சேரியில் பிரதி கேட்கலாம். தந்தையின் கையெழுத்துக்குப் பிரதி தரும் அலுவலகம் இல்லை.

அரசாங்கங்கள் இதை நன்கறிந்தவை. இங்கிலாந்தில் பிறப்பு, விவாகப் பதிவேடுகளை எழுதுவதற்கென்றே இரும்புச் சத்துள்ள நிலைத்த மையை நெடுங்காலம் விதித்திருந்தார்கள். இன்றும் ஊற்றுப் பேனைக்கென நீரில் கரையாத மைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை முள்ளில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும் இயல்புடையவை. அடிக்கடி கழுவ வேண்டும். ஓலை வென்றது என்று மகிழ்ந்து நிற்கவும் முடியாது. நீருக்கு அஞ்சாத ஓலை செல்லுக்கு இரையாகும். சி.வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் தொட்டால் உதிரும் ஏடுகளோடு பட்ட பாடு தமிழறிந்தார் அறிந்ததே. சாகாவரம் பெற்ற எழுத்துக் கருவி எதுவுமில்லை. எதற்கு எது பகை என்று அறிந்து எழுதுவதே விவேகம்.

நம்மவர் செய்த பேனைகள்

ஆடம்பரப் பேனை என்றதும் மேனாட்டை மட்டும் நினைக்க வேண்டுவதில்லை. ஆந்திர நாட்டு இராஜமுந்திரியில் கே.வி. ரத்தினம் என்பவர் 1932ஆம் ஆண்டு பேனைத் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்த சுதேசிப் பேனையைத் தஞ்சையிற் பிறந்த தமிழரான ஜே.சி. குமரப்பா மூலமாகப் பெற்று எழுதிப் பார்த்த காந்தியடிகள், 1935ஆம் ஆண்டு பாராட்டிக் கடிதம் எழுதினார். தமிழகத்தில் சென்னையை அடுத்த திருவள்ளூரில், 'ரங்கா' என்னும் பெயரில் கைக்கடைசலாகச் செய்யப்படும் பேனைகள் இன்று உலகின் பல நாடுகளுக்குச் செல்கின்றன. அவற்றின் உடல் பெரும்பாலும் எபனைட் என்னும் பொருளாலானது. இரப்பரோடு கந்தகம் கலந்து நெடுநேரம் சூடாக்கினால் மரம்போல் இறுகுவது. பழைய ஊற்றுப் பேனைகளும் இதனாலேயே செய்யப்பட்டன. அந்த இரப்பருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்கா வழியாக 1876ஆம் ஆண்டு வந்த இரப்பர் நாற்றுக்கள் இலங்கையில் ஊன்றப்பட்ட இடம் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டம். கீழ்நாட்டு இரப்பர்ப் பயிருக்குத் தொட்டில்களுள் அதுவும் ஒன்று.

கருத்து என்ன?

'விலையுயர்ந்த பேனை வாங்கினால் கையெழுத்துத் திருந்துமா?' என்று மாணவர் கேட்பதுண்டு. திருந்தாது. ஆனால் எந்த ஊற்றுப் பேனையும், மலிவானதாயினும், ஒரு நன்மை செய்யும். குமிழ்முனைப் பேனையை அழுத்த வேண்டும்; அழுத்துகிற கை விரைவில் களைக்கும், எழுத்துக் கோணும். ஊற்றுப் பேனை அழுத்தினால் கெட்டுப்போகும். ஆகவே கையைத் தளர்த்தி நிதானமாக எழுதப் பழக்கும். அந்தப் பழக்கத்துக்குப் பொன் முள் தேவையில்லை. பரீட்சை மண்டபத்துக்கு மட்டும், பல மாதம் பழகிய பேனையையே கொண்டு செல்க. அன்று புதுப்பேனை திறத்தல் வேண்டா.

பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். பிள்ளை சித்தியடைந்தால் பேனை பரிசளிப்பது நல்ல வழக்கம். மெல்லிய உருக்கு முள்ளும் இறுக மூடும் மூடியும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதும். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசச் சொல்லிக் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல மை ஒரு போத்தலும் நல்ல தாள் ஒரு கட்டும் வாங்குங்கள். அந்த மையைக் கொண்டு, உங்கள் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், உறவு முறை, நீங்கள் பிள்ளைக்குச் சொல்ல விரும்பும் நான்கு வார்த்தை ஆகியவற்றை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எழுதுமுன், அதே மையால் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி, இரண்டு நாள் உலரவிட்டு, தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பெயர் நிற்குமாயின் அந்த மை தகும். நில்லாதாயின், கொப்பிக்கும் கடைக்கணக்குக்கும் அதை வைத்துக்கொண்டு, வீட்டு எழுத்துக்கு வேறு போத்தல் தேடுங்கள்.